சிலந்தி கட்டிய விசிறி

ஐப்பசி பிறந்து பத்து நாள் ஆகிறது. மூன்று நாளாக எங்கள் வீட்டில் மின்விசிறி ஓடவில்லை. கோடை முழுக்கத் தண்ணீர் தந்த மண்பானை அடுக்களை மூலையில் கவிழ்ந்து கிடக்கிறது. பத்தி எழுத உட்கார்ந்தபோது கண் முதலில் போனது அந்தப் பானைமேல்தான். அப்படிப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சங்கப் புலவர் நக்கீரர்.

ஐப்பசியும் கார்த்திகையும் பழைய கணக்கில் கூதிர்க்காலம். கார் முடிந்து முன்பனி தொடங்குமுன் வரும் இரண்டு மாதம். அந்தக் காலத்தின் ஓர் இரவை 188 அடிகளில் கட்டியிருக்கிறது நக்கீரரின் நெடுநல்வாடை. பள்ளியில் பத்துப்பாட்டு வரிசையில் பெயரை மனப்பாடம் செய்ததோடு சரி. முப்பது வயதுக்குமேல், விடாமல் பெய்த ஒரு மழை நாளில்தான் உரையோடு அடியடியாகப் படித்தேன்.

நக்கீரர் ஒரு விசிறியைக் காட்டுகிறார். கைதேர்ந்த கம்மியன் செய்த அழகான விசிறி. மடக்கித் தொங்கவிட்டிருக்கிறார்கள், அதைச் சுற்றிச் சிலந்தி நூல் கட்டியிருக்கிறது. இனி யாரும் இதைத் தொடமாட்டார்கள் என்று அந்தச் சிலந்திக்கு நம்பிக்கை வந்திருக்கிறது! சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. வாய் குறுகிய குடத்துத் தண்ணீரை எவரும் குடிப்பதில்லை. வாய் அகன்ற சட்டியில் கனலும் நெருப்பை நாடுகிறார்கள். கூந்தல் நிறையப் பூச்சூடும் பெண்கள் சில பூவோடு நிறுத்திக்கொண்டு அகில் புகை போடுகிறார்கள். கை எதை விட்டது, எதைத் தேடிப் போனது என்று மட்டும் சொல்லிக்கொண்டே போகிறார். படிக்கிற நமக்கு உள்ளங்கை சில்லிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்திப்பொழுது. வானம் மூடிக் கிடப்பதால் பகலா இரவா என்று தெரியவில்லை. வீட்டுப் புறா இரைதேடப் போகாமல், கால் மாற்றி மாற்றி நின்றுகொண்டிருக்கிறது. பெண்களோ பூந்தட்டில் பிச்சி அரும்புகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவை இதழ் விரிந்து மணக்கத் தொடங்கியதும், மாலை வந்துவிட்டது என்று விளக்கேற்றி, நெல்லும் மலரும் தூவிக் கைகூப்புகிறார்கள். மூக்கால் மணி பார்த்த வீடு! தோவாளைப் பூச்சந்தையில் பிச்சி வாங்கும்போதெல்லாம் இந்த நினைவு எனக்கு வராமல் இருந்ததில்லை.

குளிரில் யாழ் நரம்பு இயல்பு கெட்டுவிடும். பாட்டில் வரும் ஆடல் மகளிர் அதைத் தங்கள் மார்பின் வெம்மையில் தடவிச் சரிசெய்துகொள்கிறார்கள். மழைநாளில் எங்கள் தெருமுனையில் வைக்கோலைக் கொளுத்திப் பறை காய்ச்சுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். தொய்ந்த தோல் சூடேறி விண்ணென்று பேசத் தொடங்கும். அந்த வைக்கோல் புகையும் ஈரமண்ணும் கலந்த வாசனைதான் எனக்கு ஐப்பசி.

இவ்வளவு வெதுவெதுப்பையும் நக்கீரர் ஏன் சேர்த்து வைக்கிறார் என்பது பிறகுதான் புரியும். ஊரே நெருப்பையும் துணையையும் நாடும் நேரத்தில், யானைத் தந்தத்தில் கடைந்த கால்களுடைய கட்டிலில் ஒருத்தி கணவன் அருகில் இல்லாமல் கண்ணீரை விரலால் வழித்துக்கொண்டிருக்கிறாள். கணவனான அரசனோ பாசறையில், நள்ளிரவில், புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். வாடை வீசும்போதெல்லாம் அங்கே விளக்கின் சுடர் தெற்கே சாய்கிறது. விசிறியை ஓயவைத்த குளிர்தான் அங்கும் வீசுகிறது.

என்னிடம் பாதியில் நின்ற கதை ஒன்று இருக்கிறது. மகன் துபாயிலிருந்து வராத வீட்டில் ஒரு தாய். 'அவளுக்கு ஏக்கமாக இருந்தது' என்று எழுதியிருந்த வரியை நேற்றிரவு அடித்துவிட்டேன். இப்போது அவள் பரணிலிருந்து போர்வைகளை இறக்குகிறாள். அந்துருண்டை வாசனை அறை முழுக்கப் பரவுகிறது. தன்னுடையதை எடுத்துக்கொண்டு, மற்றதை ஒருமுறை உதறி, மறுபடியும் மடிக்கிறாள். அதற்குமேல் இன்னும் எழுதவில்லை. வெளியே மழை வலுத்திருக்கிறது.