தாளும் தோளும் தளராதிருக்க

ஒரு சொல்லுக்குள் ஒரு வாழ்வியலையே பொதிந்து வைப்பது தமிழின் இயல்பு. 'தாள்' என்னும் சொல் காலையும் குறிக்கும், முயற்சியையும் குறிக்கும். தாளாண்மை என்பது விடாமுயற்சிக்கே பெயராயிற்று. 'மொய்ம்பு' என்பது தோளுக்கும் வலிமைக்கும் பொதுப்பெயர். 'உரன்' என்னும் சொல்லோ உடல் வலிமையையும் உணர்த்தும்; அறிவின் திண்மையையும் உணர்த்தும். உடலின் வலிமை வேறு, உள்ளத்தின் வலிமை வேறு என்று நம் முன்னோர் பிரித்துப் பார்க்கவில்லை என்பதற்கு இச்சொற்களே சான்று.

ஆனால் இன்று வலிமை என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது யாது? கண்ணாடி முன் நின்று புயத்தை மடக்கிக் காட்டும் இருபது வயது இளைஞனின் உருவமே. எடைப்பயிற்சி என்பது இளைஞர்க்கும் விளையாட்டு வீரர்க்கும் மட்டுமே உரியது, மணமாகிப் பிள்ளை பெற்றவர்க்கு அது வேண்டாதது, முதியவர்க்கோ ஆபத்தானது, பெண்களுக்குப் பொருந்தாதது என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. இக்கருத்து முற்றிலும் தவறானது என்பதும், எடைப்பயிற்சி எல்லா வயதினர்க்கும் உரியது, அவருள்ளும் முதியோர்க்கே மிகுதியும் தேவையானது என்பதும் நம் துணிபு.

மரபில் ஒரு குறை

வலிமையைப் போற்றுதல் தமிழர்க்குப் புதிதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை மற்போரில் வென்ற செய்தியைப் புறநானூறு பதிவு செய்துள்ளது. பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் 'மாமல்லன்' என்னும் பட்டத்தைத் தாங்கினான். அப்பெயரே மாமல்லபுரம் என்னும் ஊர்ப்பெயராயிற்று. கர்லாக்கட்டை சுழற்றுதல், தண்டால், பஸ்கி ஆகியவை சிலம்பக் கூடங்களிலும் தேகப்பயிற்சிச் சாலைகளிலும் வழிவழியாகப் பயிலப்பட்டு வந்தன. தென்மாவட்டச் சிற்றூர்களில் உருண்டைக் கல்லொன்றைத் தூக்கித் தோள்வழியே பின்புறம் வீசுபவனுக்கே பெண் கொடுப்பது என்னும் வழக்கம் இருந்ததாகச் சொல்வர். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலை ஒட்டி இக்கல் தூக்கும் போட்டி நடந்து வருகிறது. பெண்களும் அதில் பங்கு கொள்கின்றனர்.

ஆயினும் அக்கல்லின் பெயரை நோக்குங்கள்: 'இளவட்டக்கல்'. பெயரிலேயே வயது வரம்பு அமைந்துவிட்டது. கல்லைத் தூக்கிப் பெண் கொண்டவனை, அதற்குப் பின் ஒருமுறையேனும் அதைத் தூக்குமாறு எவரும் கேட்டதில்லை. வலிமையை ஒருநாள் காட்டவேண்டிய தகுதியாகக் கருதினோமேயன்றி, வாழ்நாள் முழுதும் காக்கவேண்டிய செல்வமாகக் கருதவில்லை.

அக்காலத்தில் இக்குறை வெளியே தெரியவில்லை. ஏற்றமும் கலப்பையும் ஆணின் உடலை உழைக்க வைத்தன. உலக்கையும் ஆட்டுக்கல்லும் தண்ணீர்க்குடமும் பெண்ணின் உடலை உழைக்க வைத்தன. இன்று அவ்வேலைகளை மோட்டாரும் மிக்சியும் கிரைண்டரும் குழாயும் ஏற்றுக்கொண்டுவிட்டன. இஃது வரவேற்கத்தக்கதே. பெண்களின் முதுகை முறித்த அச்சுமைகள் திரும்பி வரவேண்டா. ஆனால் உடலிலிருந்து ஒரு சுமையை இறக்கிய நாம், அதற்கு ஈடாக வேறெதையும் கொடுக்கவில்லை. உழைப்பில்லாத தசை உருகிப்போவது இயற்கையின் விதி.

மார்க்கம் காட்டும் நெறி

வலிமைமிக்க நம்பிக்கையாளர் வலிமை குன்றிய நம்பிக்கையாளரைவிட இறைவனுக்கு உவப்பானவர். எனினும் இருவரிடத்தும் நன்மை உண்டு என்னும் கருத்துடைய நபிமொழி, முஸ்லிம் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. இவ்வலிமை முதன்மையாக ஈமானின் உறுதியைச் சுட்டுவது என அறிஞர் விளக்குவர். எனினும் உடலையும் இறைவன் ஒப்படைத்த அமானிதமாகவே நாம் கருதுகிறோம். அமானிதத்தைப் பாழ்படுத்துவோர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வே இதற்கு விளக்கமாக அமைகிறது. குறைஷியருள் வலிமை மிக்கவராக விளங்கிய ருக்கானாவை அவர்கள் மற்போரில் வீழ்த்திய செய்தியை வரலாற்று நூல்கள் கூறும். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தியும் நாம் அறிந்ததே. முதல்முறை அன்னையார் வென்றார்கள். பின்னாளில் அன்னையாரின் உடல் சற்றுப் பருத்திருந்த வேளையில் நபிகளார் வென்றார்கள். ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு, அஃதாவது கி.பி. 627-இல், மதீனாவைக் காக்க அகழ் தோண்டப்பட்டபோது நபிகளார் தாமே மண் சுமந்தார்கள். அப்போது அவர்களின் வயது ஐம்பத்தைந்தைக் கடந்திருந்தது. தலைமையும் முதுமையும் சுமை தூக்குவதிலிருந்து விலக்களிக்கும் என்று அவர்கள் எண்ணவில்லை என்பது ஈண்டு உன்னத்தக்கது.

மருத்துவம் உரைப்பது

முப்பது, நாற்பது வயதுக்கு மேல் நம் தசை சிறிது சிறிதாகக் குறையத் தொடங்குகிறது. அறுபதுக்கு மேல் அக்குறைவு விரைவு பெறுகிறது. மெதுவாக இயங்கும் தசை இழைகளைவிட விரைந்து இயங்கும் இழைகளே மிகுதியும் நலிகின்றன. கால் இடறும்போது நம்மைக் கணப்பொழுதில் நிலைநிறுத்துவன அவையே. முதியோர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கு ஈரத்தரை மட்டும் காரணமன்று. தாங்கிப் பிடிக்க வேண்டிய தசை இல்லாமற் போனதும் காரணமாம்.

தசைக்கு மற்றொரு பணியும் உண்டு. உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவில் ஏற்றுக்கொள்ளும் களஞ்சியம் அதுவே. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு காட்டியது. களஞ்சியம் சுருங்கினால் தானியம் தெருவில் சிந்துவது போலத்தான், தசை சுருங்கிய உடலில் சர்க்கரை குருதியில் தேங்குகிறது.

சரி, போன தசை திரும்புமா? இதற்கு விடை 1990-இலேயே கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர முதியோர் இல்லமொன்றில், தொண்ணூறு வயதையொட்டிய 10 பேருக்கு மரியா ஃபியாட்டரோன் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் எட்டு வாரங்கள் கால்களுக்கு எடைப்பயிற்சி அளித்தனர். அவர்களின் தொடை வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. அஃதாவது முன்னிருந்ததைப் போல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காயிற்று. அதே குழுவினர் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக 87 வயதுடைய 100 பேர் பங்கேற்றனர். பத்து வாரப் பயிற்சியில் வலிமை இரட்டிப்புக்கு மேல் உயர்ந்தது. நடையின் வேகமும் மாடிப்படி ஏறும் ஆற்றலும் கூடின. பயிற்சியின்றிச் சத்துப்பானம் மட்டும் அருந்தியவர்க்கு அப்பயன் கிட்டவில்லை. டப்பாவில் அடைத்த சத்துமாவை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பெற்றோர்க்குச் செய்யும் கடமை முடிந்ததென்று அமையும் பிள்ளைகள் இதனைக் கருத்தில் கொள்வார்களாக.

நாற்காலி வரிசைகள்

நம் பள்ளிவாசல்களில் ஒரு மாற்றத்தை அனைவரும் காண்கிறோம். முன்பு ஓரிரு நாற்காலிகள் இருந்த இடத்தில் இன்று வரிசையாகவே நாற்காலிகள் உள்ளன. நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்னும் சலுகை மார்க்கம் அளித்த பேரருள். அச்சலுகையைப் பயன்படுத்தும் எவரையும் நாம் குறை கூறவில்லை. மூட்டுத் தேய்மானத்தாலும் பக்கவாதத்தாலும் வருந்துவோர்க்கு அஃது உரிமையுமாகும்.

நம் கவலை வேறு. அந்நாற்காலிகளில் அமர்ந்திருப்போருள் எத்தனை பேர் நோயால் அமர்ந்தவர், எத்தனை பேர் தொடை வலிமை குன்றியதால் மட்டும் அமர்ந்தவர் என்பதே நம் வினா. சுஜூதிலிருந்து எழுந்து நிற்பதற்கு வேண்டியது தொடையிலும் இடுப்பிலும் உள்ள தசையின் ஆற்றல். அவ்வாற்றலைத் திரும்பப் பெறலாம் என்பதை அறியாமலே, ஐம்பத்தெட்டு வயதில் ஒருவர் தரையைத் துறந்து நாற்காலியில் அமர்ந்துவிடுகிறார். ஒருமுறை அமர்ந்தபின், ஒவ்வொரு நாளும் எழுந்து நின்றதால் கிட்டிய சிறு உழைப்பும் அவர் கால்களுக்கு இல்லாமற் போகிறது. வலியின்மையால் அமர்ந்தவர், அமர்ந்ததனாலேயே மேலும் வலியிழக்கிறார். நெற்றி தரையில் படும் அந்த நெருக்கத்தை இழந்தோமே என்று தனிமையில் கலங்கும் பெரியவர்களை நாம் அறிவோம். அவர்களுக்குப் பரிவு மட்டும் போதாது, வழியும் காட்டவேண்டும்.

அச்சங்கள் சில

பெண்கள் எடை தூக்கினால் கருப்பைக்குத் தீங்கு நேரும், உடல் ஆண்தன்மை எய்தும் என்பர் சிலர். மணிப்பூரின் மீராபாய் சானு இளமையில் விறகு சுமந்தவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றபோது நான்கடி பதினோரங்குலமே உயரமுடைய, 49 கிலோ எடைப்பிரிவைச் சேர்ந்த பெண்மணியாகவே விளங்கினார். பெண்ணுடலில் ஆணுக்குரிய இயக்குநீர் மிகக் குறைவாகவே சுரப்பதால் பெருத்த தசை எளிதில் அமைவதில்லை. மாறாக, மாதவிடாய் நின்றபின் எலும்பு விரைந்து தேய்வதால், எடைப்பயிற்சியின் தேவை பெண்களுக்கே மிகுதி. எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் எட்டு மாதங்கள் ஆய்வு நடந்தது. வாரம் இருமுறை, முப்பது நிமிடம், பயிற்றுநர் மேற்பார்வையில் எடை தூக்கிய பெண்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி ஏறத்தாழ 3 விழுக்காடு உயர்ந்தது; அவ்வாறு தூக்காதவர்க்குக் குறைந்தது.

சிறுவர் எடை தூக்கினால் வளர்ச்சி தடைபடும் என்பது மற்றோர் அச்சம். தக்க மேற்பார்வையில், அளவறிந்து செய்யும் பயிற்சியால் அவ்வாறு நேர்வதில்லை. தீங்கு விளைவது அளவு மீறும்போதும், கற்பிப்பார் இல்லாதபோதுமே.

உண்மையில் அஞ்சத்தக்கது வேறொன்று உண்டு. ஆறே வாரத்தில் உடல் திரளவேண்டும் என்னும் அவசரத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்கள். இம்மருந்துகள் இதயத்தையும் கல்லீரலையும் ஆண்மையையும் கெடுப்பன. இது வலிமையன்று, வலிமையின் வேடம்.

தொடங்கும் முறை

எடைப்பயிற்சியின் அடிப்படை எளிது: இன்று தசைக்குச் சற்றுக் கடினமானதைக் கொடுத்து, அது பழகியபின் சிறிது கூட்டுவது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் காயமுற்ற படைவீரர்க்குத் தாமஸ் டீலார்ம் என்னும் மருத்துவர் இம்முறையைக் கையாண்டு 1945-இல் வெளியிட்டார். முதல் சில வாரங்களில் கூடும் வலிமை, தசை பருப்பதால் அன்று. நரம்புகள் தசையை நன்கு ஏவக் கற்றுக்கொள்வதால் விளைவது. ஆதலின் உடல் மாறவில்லையே என்று மனந்தளர வேண்டா.

முதியவர் ஒருவர் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மெல்ல அமர்வதிலிருந்து தொடங்கலாம். சுவரில் கைவைத்துத் தள்ளும் தண்டால் அடுத்தது. ஒரு லிட்டர் தண்ணீர் நிரப்பிய பாட்டில், பின்னர் மணல் நிரப்பிய பை, பின்னர் டம்பெல் என்று படிப்படியாக ஏறலாம். ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரண்டு சுற்று, இடையில் ஓய்வுநாள் விட்டுச் செய்தால் போதும். மூச்சை அடக்கலாகாது, தூக்கும்போது மூச்சை வெளியே விடவேண்டும். இதயநோய், மிகை இரத்த அழுத்தம், நீரிழிவால் விழித்திரைப் பாதிப்பு உடையோர் மருத்துவரைக் கேட்டே தொடங்கவேண்டும். தசை வளரப் புரதம் தேவை. சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்து, பருப்பு, முட்டை, மீன், பால் ஆகியவற்றைக் கூட்டுதல் நலம். வயது வந்தோர் அனைவரும் வாரம் இரண்டு நாளேனும் தசைக்கு வலிமையூட்டும் பயிற்சி செய்யவேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியதும் இதுவே.

கல்லூரியும் ஜமாஅத்தும்

கல்லூரிதோறும் உடற்பயிற்சிக் கூடம் உண்டு. அது பெரும்பாலும் பல்கலைக்கழகப் போட்டிக்குச் செல்லும் சில மாணவர்க்கே பயன்படுகிறது. பிற நேரங்களில் பூட்டிக் கிடக்கிறது. வாரம் இரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் ஒரு மணி நேரம், அதனைச் சுற்றுவட்டாரப் பெரியவர்களுக்குத் திறந்துவிடலாகாதா? மகளிர்க்குத் தனி நேரமும் பெண் பயிற்றுநரும் அமைத்தல் அரிதா? உடற்கல்வி ஆசிரியர் நெறிப்படுத்த, மாணவர்கள் உதவி செய்தால், நாட்டு நலப்பணிக்கு இதைவிடச் சிறந்த வடிவம் வேறேது? ஜமாஅத் பெரியவர்கள் இலவசக் கண் பரிசோதனை முகாம், இரத்ததான முகாம் ஆகியவற்றை நடத்துவது போல இதற்கும் தோள் கொடுக்கலாம். செலவு மிகுதியன்று, சில மரப்பலகைகளும் மணற்பைகளும் சில இணை டம்பெல்களுமே வேண்டுவன.

இதனால் மற்றொரு நன்மையும் விளையும். பாட்டனாரின் கையைப் பிடித்து எழுப்பும் பேரன், வலிமை எதற்கு என்பதை அங்கே கற்றுக்கொள்வான். கண்ணாடிக்குக் காட்டுவதற்கன்று, தன்னைத் தான் தாங்குவதற்கும், பிறரைத் தாங்குவதற்கும் என்று உணர்வான். ஊசி விற்போரின் பேச்சு அவனிடம் எடுபடாது.

முதுமை வரும், அதைத் தடுப்பார் இலர். ஆனால் முதுமையோடு சேர்ந்து வருவதாக நாம் ஏற்றுக்கொண்ட தளர்ச்சியில் ஒரு பகுதி, நாமே விரித்த பாயில் வந்து படுத்துக்கொண்டது. அதனை எழுப்பி அனுப்ப நம்மால் இயலும். இறுதி மூச்சுவரை நம் நெற்றி நிலத்தைத் தொடவும், தொட்டபின் பிறர் கைநாடாமல் எழவும் வல்ல இறைவன் நம் தாளுக்கும் தோளுக்கும் வலிமை அருள்வானாக! அதற்குரிய முயற்சியை இன்றே தொடங்கும் உறுதியையும் நல்குவானாக!