பிரேக்டவுன் தெரிந்தவனுக்கு இங்கிலீஷ் தெரியாதாம்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எந்த ஷெட்டுக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். "மெஷின் பிரேக்டவுன் சார்", "செட்டப் மாத்தணும்", "ஷட்டவுன் எடுத்திருக்காங்க" என்று ஐ.டி.ஐ. முடித்த பையன் தயங்காமல் பேசுவான். அதே பையனிடம் இன்டர்வியூவில் "கேன் யூ லுக் ஆஃப்டர் த ஸ்டோர்ஸ்?" என்று கேட்டு, அவன் 'ஆஃப்டர்' ஒன்றைப் பிடித்துக்கொண்டு "அப்புறம் பார்க்கிறேன் சார்" என்றால் போச்சு. கம்யூனிகேஷன் இல்லையாம்!

அட, பத்து வருஷம் இங்கிலீஷ் படித்தவன்தானே அவன்? படித்ததெல்லாம் பேசிவ் வாய்ஸும் மனப்பாடக் கட்டுரையும். 'போஸ்ட்போன்' தெரியும், 'புட் ஆஃப்' தெரியாது. தொழிற்சாலையிலோ கெட், புட், டேக், கிவ் என்று பொடிப் பொடி வார்த்தைகள், அவற்றின் வாலில் அப், ஆஃப், அவுட்.

1930-ல் ஆக்டன் என்ற இங்கிலீஷ்காரர் 850 வார்த்தைகளில் 'பேசிக் இங்கிலீஷ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். வினைச்சொற்களை வெட்டி வெட்டி 18-ல் நிறுத்தினார். மிச்சத்துக்கு இந்த வால்களைத்தான் நம்பினார். அவருக்கு அது சுலபம், நமக்கு அதுதான் வம்பு! விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக 1980-களில் உருவான எளிய தொழில்நுட்ப இங்கிலீஷோ இந்த மாதிரி வினைகளைத் தவிர்க்கச் சொல்கிறது. தப்பாகப் புரிந்தால் ஆபத்து என்று விமானக்காரர்களுக்கே தெரிந்திருக்கிறது. பிரஸ் ஷாப்பில் நிற்பவன் கை மட்டும் என்ன இரும்பா?

படித்தவர்கள் லட்சணம் வேறு. 2020-ல் வங்கிக் கடன் 'ரைட் ஆஃப்' விவகாரம் ஞாபகம் இருக்கா? கணக்கேட்டிலிருந்து எடுப்பதுதான் அது. கடன்காரன் பாக்கி அப்படியே நிற்கும். நாடு முழுக்க அதையும் தள்ளுபடியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிச் சண்டை போட்டது. அவர்களை யாரும் கம்யூனிகேஷன் இல்லை என்று சொல்லவில்லையே.

இதில் பெரிய கூத்து, இந்த வித்தை தமிழனுக்குப் புதுசே இல்லை. 'தள்ளிப்போடு' என்றால் எதையும் தள்ளுவதும் இல்லை, போடுவதும் இல்லை. 'புட் ஆஃப்'பிலும் அதே 'போடு'தான் இருக்கு! 'லுக் ஆஃப்டர்' நம்ம 'பார்த்துக்கொள்', இரண்டிலும் பார்வை. பக்கத்து மெஷினில் நிற்கும் பீகார் பையனின் இந்தியிலும் இப்படி வினைக்கு வினை சேரும். இதை எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டராவது சொல்லிக்கொடுக்கிறதா? 'முப்பது நாளில் 500 ஃப்ரேசல் வெர்ப்' என்று பட்டியலை நீட்டிக் காசை வாங்கிக்கொள்கிறார்கள். 'பிரேக்டவுன்' அந்தப் பையனுக்குப் பட்டியலில் வந்ததா? நின்றுபோன மெஷின் பக்கத்தில் வந்தது. மற்றதும் அப்படித்தான் வரும், சூபர்வைசர் சிரிக்காமல் ஒருதரம் சொல்லிக்காட்டினால்.

சிரிக்கிறவர்கள் முதலில் தங்கள் வேலை விளம்பரத்தைப் படிக்கட்டும். '2024 பாஸ்டு அவுட் மட்டும்' என்று போடுகிறார்களே, லண்டன்காரன் பார்த்தால் மயக்கம் போட்டு விழுந்தவர்களை எதற்கு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் முழிப்பான் :)