பட்டுப்பாவாடை நாமே தைக்கலாம்... கத்தரிக்கு முன்னால் ஒரு கணக்கு!

ஆடி வெள்ளிக்கு ஆரணியிலிருந்து படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குக் கிளம்பும் குடும்பங்களில் பட்டுப்பாவாடை கட்டிய ஒரு வாண்டாவது கட்டாயம் இருக்கும். கொஞ்சம் குனிந்து கவனித்தால் இன்னொன்றும் தெரியும். பாதிப் பாவாடைகள் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும். பட்டு நைந்துபோகவில்லை, ஜரிகை கறுக்கவில்லை. பெண் வளர்ந்துவிட்டாள், அவ்வளவுதான். நாலு தடவை கட்டிய பட்டு பீரோவுக்குப் போய்விடும்.

புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டில், எடுத்த எடுப்பில் கத்தரிக்கோல் வைக்க யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். டெய்லரிடமே கொடுத்துவிடலாம் என்று தோன்றுவது அதனால்தான். ஆனால், தையல் பழகுகிறவர்களுக்குப் பாவாடையை விட சுலபமான உடுப்பு கிடையாது. கழுத்து வளைவு இல்லை, கைக்குழி இல்லை. அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் 1863-ல் அளவு வாரியாகக் காகித பேட்டர்ன் விற்கத் தொடங்கினார். நம் பாவாடைக்கு அந்தக் காகிதம்கூட வேண்டாம். ஒரு நீள்சதுரம், ஒரு பட்டி. மீதியெல்லாம் கணக்கு.

அந்தக் கணக்கை ஐந்து வயதுக் குழந்தையை வைத்தே போட்டுப் பார்க்கலாம். இடுப்பு 22 அங்குலம், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 26 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். (இடுப்பளவைச் சாப்பிட்ட பிறகு எடுங்கள். வெறும் வயிற்றில் எடுத்தால் கல்யாணப் பந்தி முடிந்ததும் கொக்கி தெறிக்கும்!)

இடுப்புப் பட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க 2 அங்குலம் சேர்த்து, 24 அங்குலம். கொசுவம் நிறைவாக விழ அதைப்போல் மூன்று மடங்கு துணி வேண்டும். அது 72. இரண்டு ஓரத் தையலுக்கும் 2 சேர்த்தால் 74 அங்குலம். இரண்டு மீட்டர் எடுத்தால் நாலரை அங்குலம் மிச்சமே இருக்கும். 3 அங்குலத்துக்கு ஒரு குறி போட்டு, ஒவ்வொன்றிலும் 1 அங்குலம் வெளியே தெரிய, 2 அங்குலம் உள்ளே மடிய, எல்லாவற்றையும் ஒரே பக்கமாகச் சாய்த்தால் 24 கொசுவம். பட்டியும் 24. கூடவும் கூடாது, குறையவும் குறையாது.

அடுத்தது உயரம். 26 அங்குலம் வேண்டும் என்று 26-ஐயே வெட்டுகிற இடத்தில்தான் பட்டு வீணாகிறது. முப்பதரை அங்குலம் வைத்துக்கொள்ளுங்கள். அரை அங்குலம் மேல் தையலுக்கு. மீதி 4 அங்குலம் டக்குக்கு. கீழே மடித்து அடிக்கத் தேவையில்லை. கரையின் ஓரம் தறியிலேயே கெட்டியாக முடிந்து வருவதால் பிரியாது.

தறியில் நீளவாக்கில் ஓடும் இழை பாவு, குறுக்கே போவது ஊடை. கரை நீளவாக்கில் வருவதால் பாவாடையில் பாவு உடம்பைச் சுற்றி ஓடும், ஊடை மேலிருந்து கீழே தொங்கும். இது ஏன் தெரிந்திருக்க வேண்டும்? துணியைக் குறுக்கே வெட்டும்போது ஸ்கேலை நம்பாமல் ஓர் ஊடை இழையை மெதுவாக உருவுங்கள். இழை போன தடம் கோடு போட்டதுபோல் தெரியும். அதன் மேலேயே வெட்டினால் கோணல் வராது. நீளவாக்கில் இது சரிப்படாது, இழை அறுந்துபோகும். அங்கே கரை ஓரத்திலிருந்து ஒரு சாணுக்கு ஒருமுறை டேப் வைத்து அளந்து குறியுங்கள்.

புதுத்துணிதான் வேண்டும் என்றில்லை. ஐந்தரை மீட்டர் புடவையில் அக்கா, தங்கை இருவருக்கும் ஒரே மாதிரிப் பாவாடை வந்துவிடும். மேல்பக்கம் மிஞ்சுகிற துண்டில் சட்டை. அதிலும் ஒரு கரை இருக்கும், கைக்கு வைத்தால் அழகு. தெருவில் ‘பழைய பட்டுப்புடவை வாங்கறது’ என்று குரல் கேட்டதும் ஜரிகைக்காகப் புடவையை எடைக்குப் போடும் முன் இதையும் யோசிக்கலாம். ஒன்று மட்டும் பார்த்துவிடுங்கள். புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தால், வருஷக்கணக்கில் மடித்தே வைத்த மடிப்புகள் இற்றிருப்பது தெரியும். அந்தக் கோட்டை உள்கொசுவத்துக்குள் தள்ளிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இழுவை விழுந்தால் அங்கேதான் முதலில் கிழியும். நல்ல பாகத்தை மட்டும் வெட்டி எடுங்கள்.

புதிதாக வாங்குவதானால் சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்தலாம். அசல் பட்டு முடி கருகும் வாடை அடித்து, விரலில் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகி மணியாகக் கெட்டிப்படும்.

பட்டில் தைப்பதில் பெரிய சிக்கல், ஊசி போன ஓட்டை லேசில் மறையாது என்பதுதான். பருத்தியில் தப்பாகத் தைத்தால் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கலாம். பட்டில் பிரித்த தடம் அப்படியே நிற்கும். அதனால் முதல் பாவாடையைப் பழைய பருத்திப் புடவையிலோ வேட்டியிலோ, இதே அளவில் தைத்துப் பாருங்கள். குழந்தைக்கு வீட்டில் கட்ட ஆயிற்று. பட்டுக்கு வரும்போது மெஷினில் 11-ம் நம்பர் புது ஊசி போடுங்கள். முனை மழுங்கிய ஊசி இழையை இழுத்துச் சுருக்கிவிடும். குண்டூசியைத் தையலுக்குள் மறையும் அரை அங்குலத்தில் மட்டுமே குத்துங்கள்.

வேலையை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதும் முக்கியம். துணி தட்டையாக இருக்கும்போதே டக் பிடித்துவிடலாம் என்று தோன்றும். அப்படிப் பிடித்தால் டக்கின் இரு முனையும் பக்கத்தையலுக்குள் மாட்டிக்கொள்ளும். பிறகு டக்கைப் பிரிக்கப் பாவாடையையே பிரிக்க வேண்டி வரும். முதலில் இரண்டு ஓரத்தையும் இணைத்து, மேலே 5 அங்குலம் திறப்பு விட்டுப் பக்கத்தையல் போடுங்கள். பட்டு பிசிறும் என்பதால் ஓரங்களை ஓவர்லாக் செய்யுங்கள், இல்லையென்றால் மடித்து அடியுங்கள். அதன் பிறகு டக். கரைக்குச் சற்று மேலே, உள்பக்கமாக 1 அங்குல ஆழத்தில் ஒன்று. அதற்கு ஒன்றரை அங்குலம் மேலே இன்னொன்று. ஒவ்வொன்றும் 2 அங்குலம் துணியை எடுத்துக்கொள்ளும். இதை மெஷினில் அடிக்காமல் கையால் நீள நீளமாக ஓட்டுத்தையல் போடுங்கள். நாளைக்கு நூலின் ஒரு முனையை வெட்டி இழுத்தால் வந்துவிடும். அப்புறம் கொசுவம், கடைசியில் கேன்வாஸ் வைத்த பட்டி. கொக்கி மாட்டும் வளையத்தை இரண்டு வரிசையாக வைத்தால் இடுப்பு பெருத்தாலும் கவலையில்லை.

உள்ளே லைனிங்குக்குப் பருத்தி போதும். வெட்டும் முன் ஒரு ராத்திரி நனைத்துக் காயவையுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும். லைனிங்குக்கும் டக் வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேல்துணி இறங்கும், உள்துணி முழங்காலில் நிற்கும்! மூன்று வயதுக்குள் உள்ள குழந்தைக்குப் பட்டி வைத்தால் இடுப்பில் நிற்காது, வழுகும். பருத்தியில் கையில்லாத பாடி தைத்து அதோடு பாவாடையை இணைத்துவிடுங்கள். பாரம் தோளில் நிற்கும்.

தைத்து முடித்ததும் தண்ணீர் தெளித்து அயர்ன் செய்ய வேண்டாம், பட்டில் திட்டுத் திட்டாகக் கறை நிற்கும். உள்பக்கம் திருப்பி, மேலே பருத்தித் துணி போட்டு மிதமான சூட்டில் தேயுங்கள். பாலித்தீன் கவரில் வைக்காமல் பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

அடுத்த ஆடிக்கோ அதற்கடுத்த தீபாவளிக்கோ பாவாடை ஏறி நின்றால் மேல் டக்கைப் பிரியுங்கள், 2 அங்குலம் இறங்கும். கீழ் டக் இன்னும் மிச்சம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து சாதாரணமாக மூன்று வருஷம் தாங்கும். பிரித்த இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரியும். அது கரைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஜரிகையைத் தாண்டி யார் கண்ணும் அங்கே போகாது.