கணக்கா? மந்திரமா?

"கணக்கு எல்லோருக்கும் வராது; அதற்கென்று ஒரு தலை வேண்டும்" என்று நம் நாட்டில் வெகுகாலமாய் ஒரு பேச்சு இருந்துவருகிறது. இந்தப் பேச்சினால் லாபம் அடைந்தவர்கள் யார், நஷ்டம் அடைந்தவர்கள் யார் என்பதை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சென்னைக்கு மேற்கே அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பகலெல்லாம் பட்டறையில் நின்று உழைத்த வாலிபர்களும், வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்த பெண்களும் இன்று சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள் என்றால், அது அந்தப் பேச்சுக்கு அவர்கள் கொடுக்கிற சரியான பதிலேயாகும். ஆனால் அவர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கப்படுகிற மாதிரியைப் பார்த்தால் நமக்கு வருத்தமாகவே இருக்கிறது.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2025-இல் நடத்திய நான்காம் தொகுதிப் பரீட்சையில் 200 கேள்விகளுக்கு 3 மணி நேரம்; அதாவது கேள்வி ஒன்றுக்கு 54 விநாடி. அதில் 25 கேள்விகள் கணக்கும் திறனறிவும் பற்றியவை. "ஒரு வேலையை ஒருவர் 12 நாளிலும் மற்றொருவர் 15 நாளிலும் முடித்தால் இருவரும் சேர்ந்து எத்தனை நாளில் முடிப்பார்கள்?" என்ற மாதிரியான கணக்குக்குப் பாடத்திட்டத்திலேயே இடமுண்டு. இதற்கு, "இரண்டையும் பெருக்கு, இரண்டையும் கூட்டி வந்ததால் வகு" என்று ஒரு சூத்திரம் பல இடங்களில் உபதேசிக்கப்படுகிறது. ஏன் பெருக்க வேண்டும் என்று கேட்டால், "அதற்கெல்லாம் நேரமில்லை, விடை வருகிறதா இல்லையா?" என்பதே பதில். அர்த்தம் தெரியாமல் சுலோகம் ஒப்பிப்பவரைப் பார்த்துச் சிரிக்கிற நாம், அர்த்தம் தெரியாமல் சூத்திரம் ஒப்பிப்பதை மாத்திரம் அறிவு என்று எப்படி ஒப்புக்கொள்ளுவது?

சரி, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்தில் நிற்கும் ஒரு தோழரிடம் இதையே வேறு விதமாய்க் கேட்போம். "60 உருப்படிகள் வேண்டும். ஓர் இயந்திரம் 12 நாளில் கடைந்து முடிக்கும். மற்றொன்று 15 நாளில் முடிக்கும்." அவர் காகிதம்கூடக் கேட்கமாட்டார். முதலாவது நாளுக்கு 5, இரண்டாவது நாளுக்கு 4, இரண்டும் சேர்ந்து நாளுக்கு 9. அறுபதுக்கு ஆறு நாளும் மூன்றில் இரண்டு பங்கு நாளும் ஆகும் என்பார். கணக்கு இவ்வளவுதான். 12-ம் 15-ம் மீதியில்லாமல் வகுக்கும் எந்த எண்ணை மொத்த வேலையாக வைத்துக்கொண்டாலும் விடை மாறாது. 12-ஐயும் 15-ஐயும் பெருக்கி 180 உருப்படி என்று வைத்தால், நாளுக்கு 15-ம் 12-ம் ஆக 27. 180-ஐ 27-ஆல் வகுத்தாலும் அதே விடைதான். அந்தச் சூத்திரத்தின் ரகசியம் முழுவதும் இதுவே. இதைச் சொல்ல எத்தனை விநாடி பிடிக்கும்?

காரணம் தெரியாதவன் கதி என்னவென்றால், கேள்வி கொஞ்சம் மாறினால் தீர்ந்தது. "4 நாள் இருவரும் செய்தபின் முதலாமவர் நின்றுவிட்டார்" என்றால் சூத்திரம் வாயை மூடிக்கொள்ளும். காரணம் தெரிந்தவனோ, 36 முடிந்தது, 24 பாக்கி, நாளுக்கு 4 வீதம் இன்னும் 6 நாள் என்று சொல்லிவிட்டுப் போவான். அன்றியும், இருவரும் வேகக்காரராயிருந்தால் 6 நாள், இருவரும் மெதுவானவராயிருந்தால் 7½ நாள். ஆகவே விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும். 13½ என்றும் 27 என்றும் கொடுத்திருக்கும் விடைகளைக் கணக்குப் போடாமலே தள்ளிவிடலாம். கால், அரைக்கால், மாகாணி என்று பின்னத்துக்குப் பெயர் வைத்துப் புழங்கிய நம் பாட்டிமார்களுக்கு, 4 நாள் வேலைக்காரர் நாளுக்குக் கால் பங்கு, 8 நாள் வேலைக்காரர் அரைக்கால் பங்கு என்பது விளங்காதா?

இது பரீட்சைக்கு மாத்திரம் வேண்டிய சங்கதியும் அல்ல. பூந்தமல்லிக்கு அருகேயுள்ள செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பினால் 364½ கோடி கன அடி கொள்ளும். விநாடிக்கு 1,500 கன அடி வந்து 500 கன அடி போனால், தங்குவது 1,000. அதாவது நாளுக்கு 8 கோடியே 64 லட்சம். காலி ஏரி நிரம்பச் சுமார் 42 நாளாகும். குழாயும் தொட்டியும் என்று புத்தகத்தில் வருகிற கணக்கு இதுவேதான். 2015 டிசம்பரில் அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. அந்த வேகம் ஒரு நாள் முழுதும் நீடித்தால் ஏரியின் மொத்தக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அடையாற்றில் இறங்கும் என்பது கணக்குத் தெரிந்தவனுக்குத்தான் புரியும். மற்றவனுக்கு அது வெறும் எண்.

மற்றொன்றும் சொல்லவேண்டும். "ஓர் ஆணின் வேலை இரண்டு பெண்களின் வேலைக்குச் சமமானால்" என்று ஆரம்பிக்கும் கணக்குகளைப் புத்தகங்களில் காண்கிறோம். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்தாயிற்று. அப்படியிருக்க, பெண் அரை ஆள் என்பதை எதற்காகக் கணக்கின் பேரால் பிள்ளைகள் தலையில் ஏற்றவேண்டும்? இரண்டு இயந்திரங்கள் என்று போட்டால் விடை வரமாட்டேன் என்கிறதா?

சுமார் 2,000 வருஷங்களுக்கு முன்பே சீன நாட்டார், ஐந்து வாய்க்கால்கள் சேர்ந்து ஒரு குளத்தை நிரப்பும் கணக்கை "ஒன்பது அத்தியாயங்கள்" என்னும் நூலில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1150-இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதியிலும் இவ்வகைக் கணக்கு உண்டு. ஆகவே இது ஒரு ஜாதிக்கோ, ஒரு தேசத்துக்கோ, ஒரு வகுப்புக்கோ சொந்தமான வித்தையல்ல.

எனவே, சொல்லிக்கொடுக்கும் தோழர்கள் முதலில் காரணத்தைச் சொல்லி, பிறகு சூத்திரத்தைச் சொல்லட்டும். படிக்கும் தோழர்களும் "ஏன்?" என்று கேட்காமல் ஒரு வரியையும் ஒப்புக்கொள்ளாதிருக்கட்டும். நாளுக்கு எத்தனை உருப்படி என்று எண்ணத் தெரிந்த எவருக்கும் கணக்கு வரும்.