நானோலிட்டரை அளந்தது யார்?

“கருவுற்ற முட்டைகளுக்குள் நுண்ணூசி வழியே செலுத்தப்பட்டது.” வரிக்குதிரை மீன் குறித்த ஆய்வுக் கட்டுரைகளில் இந்த ஒற்றை வரியைக் காணும்போதெல்லாம் எனக்குச் சினம் மூள்கிறது. எவ்வளவு செலுத்தினீர்கள்? மறுநாள் காலையில் எத்தனை முட்டைகள் வெளுத்துச் செத்துக் கிடந்தன? பல கட்டுரைகளில் விடை இராது; படங்கள் மட்டும் பளபளக்கும்.

ஊசி குத்துவது வெறும் கைவேலைதானே என்பார்கள் நம் பெரியவர்கள். அந்தக் கைவேலைதான் அளவீடு, ஐயா. சூடாக்கி இழுத்த கண்ணாடிக் குழாயின் நுனியை இடுக்கியால் ஒடிக்கிறோம். ஒவ்வொரு முறையும் துளை வேறாகிறது. ஆகவே கனிம எண்ணெயில் ஒரு துளியை விட்டு, நுண்ணோக்கியின் கீழ் அதன் விட்டத்தை அளக்கிறோம். விட்டம் 0.1 மில்லிமீட்டர் என்றால் கனவளவு ஏறத்தாழ 0.5 நானோலிட்டர், 0.125 என்றால் 1 நானோலிட்டர். கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும் இரு துளிகளில் ஒன்று மற்றதன் இருமடங்கு! இதையெல்லாம் முடித்து, கருவுற்ற முக்கால் மணி நேரத்துக்குள், முதல் செல் பிளவுபடுமுன் ஊசி உள்ளே இறங்கியாக வேண்டும்.

1971இல் மசுயியும் மார்க்கெர்ட்டும் முதிர்ந்த தவளை முட்டையின் சைட்டோபிளாசத்தை முதிராத முட்டைக்குள் செலுத்தினார்கள். செலுத்திய அளவு கூடக்கூட, முதிர்ச்சியடைந்தவற்றின் விகிதமும் கூடியது. அங்கே அளவே சான்றாக நின்றது. அதைக் கட்டுரையிலிருந்து நீக்கிவிட்டால் என்ன மிஞ்சும்?

அலட்சியத்துக்கு விலையும் உண்டு. மரபணுவின் வெளிப்பாட்டைத் தடுக்கும் மார்ஃபோலினோவைச் செலுத்திக் கண்ட குறைபாடுகளில் பல, அதே மரபணுவைச் சிதைத்த மீன்களில் தென்படவில்லை என 2015இல் ‘டெவலப்மென்டல் செல்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. இழந்த மரபணுவை உடல் வேறு வழியில் ஈடுசெய்வதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மிகை அளவின் நச்சு எது, மரபணுவின் பணி எது என்று பிரித்தறிய, செலுத்திய அளவும் ஒப்பீட்டு முட்டைகளின் இறப்புக் கணக்கும் வேண்டாமா?

அவற்றை எழுதாததற்கு இன்னொரு காரணமும் உண்டு என்பது என் எண்ணம். எழுதினால் ஊசி பிடித்த கை வெளியே தெரிந்துவிடும். அது பெரும்பாலும் திட்ட உதவியாளரின் கை; ஒப்பந்தம் முடிந்ததும் வெளியேறுபவரின் கை. அடுத்த கட்டுரையிலாவது துளியின் அளவையும் இறந்த முட்டைகளின் எண்ணிக்கையையும் எழுதுங்கள். அவர் பெயரையும் சேருங்கள். நன்றியுரையின் கடைசி வரியில் அன்று, ஆசிரியர் வரிசையில்.