டிக்கெட் பேசும் ஆங்கிலம்

பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் எங்கள் வானொலி நிகழ்ச்சியிலும் பயணக் களை கட்டிவிடும். பாட்டுக்கு நடுவே “இந்த லீவுக்கு எங்கே?” என்று கேட்டால் போதும். பெர்த், மெல்பர்ன், சென்னை, திருச்சி என்று நேயர்களின் குரலில் உற்சாகம் கொட்டும். “டைரெக்ட் ஃபிளைட்டா?” என்று கேட்டால், “ஆமாம், டைரெக்ட்தான்!” என்று பெருமையாகப் பதில் வரும்.

அந்தச் சொல்லிலிருந்தே ஆரம்பிப்போம். ‘டைரெக்ட்’ என்றால் நடுவில் எங்கும் இறங்காது என்றுதான் நாம் நினைக்கிறோம். விமானத் துறையில் அதற்குச் சொல் ‘நான்-ஸ்டாப்’. ‘டைரெக்ட்’ என்றால் விமான எண் மாறாது, அவ்வளவுதான். வழியில் ஓர் ஊரில் இறங்கி, ஆள் ஏற்றிக்கொண்டும் போகலாம். முழங்கால் வலியோடு பயணம் செய்யும் அம்மாவுக்கு அந்தக் கூடுதல் நேரம் சாதாரணமானதல்ல.

வீட்டிலும் அலுவலகத்திலும் நாம் ஆங்கிலம் பேசுகிறவர்கள்தான். ஆனால் டிக்கெட் பேசும் ஆங்கிலம் கொஞ்சம் வேறு. அங்கே ஒவ்வொரு சொல்லும் ஒரு நிபந்தனை.

நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘டிபார்ச்சர் டைம்’ விமானம் புறப்படும் நேரம். நாம் கேட்டுக்கு ஓடிவரும் நேரம் அல்ல. பெரும்பாலும் அதற்கு 15, 20 நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். அதைவிடப் பொல்லாதது நள்ளிரவுக் கணக்கு. டிக்கெட்டில் ‘ஞாயிறு 12.10 ஏ.எம்.’ என்றிருந்தால், சனிக்கிழமை இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால், வழியனுப்பக்கூட விமானம் இருக்காது.

மலிவு டிக்கெட் தேடும் இளையோர் கவனிக்க வேண்டியது ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’. ஒரே முன்பதிவில் வரும் ‘கனெக்டிங் ஃபிளைட்’ என்றால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் மாற்று ஏற்பாடு செய்வது பொதுவாக நிறுவனத்தின் பொறுப்பு. ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’ என்பது இரண்டு தனித்தனி டிக்கெட். பெரும்பாலும் நடுவில் இறங்கும் ஊரில் குடிநுழைவைத் தாண்டி, பெட்டியை எடுத்து, மறுபடியும் செக்-இன் செய்ய வேண்டும். அந்த நாட்டுக்கு விசா வேண்டியிருந்தால் அதுவும் கையில் இருக்க வேண்டும். கே.எல்.ஐ.ஏ. டெர்மினல் 1இல் இறங்கி டெர்மினல் 2இல் ஏறுவதாக இருந்தால், ரயில் பிடித்துப் போகும் நேரமும் உங்கள் கணக்கில்தான். விமானம் போய்விட்டால் புது டிக்கெட்டும் உங்கள் செலவு.

இவை எல்லாவற்றையும்விட நம் பெரியவர்களைப் பயமுறுத்தும் சொல் ஒன்று உண்டு: ‘டிக்ளேர்’.

பேரப்பிள்ளையைப் பார்க்க பெர்த்துக்குப் போகும் பாட்டியின் பெட்டியில் என்ன இருக்கும்? ஊறுகாய், கருவாடு, வெந்தயம், ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலை. வெளியூர்ப் பூச்சிகளும் நோய்களும் தன் விவசாயத்துக்குள் புகுந்துவிடக்கூடாது என்பதில் ஆஸ்திரேலியா மிகக் கண்டிப்பு. அதனால் வருகை அட்டையில் உணவு, விதை, செடி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். ‘டிக்ளேர்’ என்றால் அறிவித்தல். பாட்டியின் காதில் அது ‘குற்றத்தை ஒப்புக்கொள்’ என்று விழுகிறது. மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து ‘நோ’ என்று குறித்துவிடுகிறார்.

உண்மை நேர் எதிர். ‘யெஸ்’ என்று குறித்தால் அதிகாரி பெட்டியைப் பார்ப்பார். அனுமதி உள்ளதைத் திருப்பித் தருவார், இல்லாததை எடுத்துக்கொள்வார். உள்ளதை உள்ளபடி அறிவித்ததற்காக அபராதம் கிடையாது. ‘நோ’ என்று குறித்த பிறகு பெட்டியில் கறிவேப்பிலை கிடைத்தால்தான் ஆபத்து. அந்த இடத்திலேயே அபராதம் விதிக்கலாம், விசாவையே ரத்தும் செய்யலாம். அட்டையில் போடும் கையெழுத்து, ‘சொன்னதெல்லாம் உண்மை’ என்ற உறுதிமொழி. பல விமான நிலையங்களில் உள்ள ‘நத்திங் டு டிக்ளேர்’ பச்சை வழியும் அப்படித்தான். அதில் நடந்தாலே, வாய் திறக்காமல் உறுதிமொழி கொடுத்ததாகிவிடும்.

எனவே, பெற்றோரைத் தனியாக அனுப்பும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். டிக்கெட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஒரு தாளில் பெரிய எழுத்தில், தமிழில் எழுதிக் கொடுங்கள். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு வேண்டாம். என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். ‘சனி இரவு 9 மணிக்கு விமான நிலையத்தில் இருக்கணும்.’ ‘பெட்டி நேரா பெர்த்துக்கு வந்துடும், நடுவில் எடுக்க வேண்டாம்.’ ‘சாப்பாட்டுச் சாமான் இருக்கான்னு கேட்டா, ஆமான்னு சொல்லுங்க. பறிச்சாலும் பரவாயில்லை.’ கருவாடு போனால் போகட்டும், பாட்டி பேரனைப் பார்த்துவிடுவார்.

புரியாத சொல்லைக் கவுண்ட்டரில் கேட்கக் கூச்சமா? ஆங்கிலத்தில் ‘கேட்டமரன்’ என்றொரு படகு உண்டே, அது நம் ‘கட்டுமரம்’தான். கடலில் போவதற்கு அவர்கள் நம்மிடம் சொல் வாங்கியிருக்கிறார்கள். வானில் போவதற்கு நாம் அர்த்தம் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

பயணம் இனிதாகட்டும். அடுத்த வாரம் சந்திப்போம்!