ஒரே நதி, இரண்டு கணக்கா?

ஜெர்மனியில் ஓடும் ரைன் நதிதான் நெதர்லாந்துக்குள்ளும் போகிறது. கோடிக்கணக்கானோருக்கு அதுதான் குடிநீர். ஓர் ஆய்வகம் 0.45 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்து ஈயத்தை அளக்கிறது, இன்னொன்று வடிக்காமலே அளக்கிறது என்று வையுங்கள். வண்டலில் ஒட்டிய ஈயமும் சேர்ந்து கணக்கு எகிறிவிடும். அப்புறம் குற்றவாளி யாருன்னு எப்படிச் சொல்வது?

ஐ.டி.க்காரனான எனக்கு இது பழகிய தலைவலி. இரண்டு சர்வரின் கடிகாரம் ஒத்துப்போகாவிட்டால் லாக்கை ஒப்பிடவே முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் விதி போட்டது: வரம்பு அளவில் அளவீட்டு நிச்சயமின்மை 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்கள் அளந்து பார்க்கும் திறன் சோதனையிலும் பங்கேற்றுத் தகுதியைக் காட்ட வேண்டும். செலவுதான், ஆனால் வீண் செலவில்லை.

'தண்ணீர் சுத்தம்' என்று அறிக்கை வந்தால் எண்ணை மட்டும் பார்க்காதீங்க. எப்படி அளந்தாங்கன்னும் கேளுங்க.